தெவிட்டும் காந்தம்

மூலக்குளத்தில் மின்சாதனம் பழுதுபார்க்கும் தம்பி ஒருவர், எரிந்துபோன எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் பிரித்துக் காட்டி, "சோக் சாச்சுரேட் ஆயிருக்கு சார்" என்றார். அந்தச் சொல் எனக்குப் பழக்கமானதுதான். நாங்கள் பிரெஞ்சில் 'சத்யுராசியோன்' என்று படித்தோம். தமிழ்ப் பாடநூல் 'தெவிட்டு நிலை' என்கிறது. தமிழ்ச் சொல்தான் எனக்குப் பிடிக்கிறது. பாயசம் தெவிட்டிய பிறகு அடுத்த கரண்டி இறங்குமா?

கம்பிச்சுருளில் மின்னோட்டம் ஏற ஏற, உள்ளேயிருக்கும் கோரின் நுண்காந்தங்கள் ஒரே பக்கம் திரும்புகின்றன. எல்லாம் திரும்பிவிட்டால் கோரால் அதற்கு மேல் உதவ முடியாது. சுருள் ஏறக்குறைய வெறும் கம்பியாகிவிடும்; மின்னோட்டம் சட்டென்று எகிறி டிரான்சிஸ்டரைப் பொசுக்கும்.

பழைய வால்வு ரேடியோவைத் தூக்கியவர்களுக்கு அதன் இரும்பு டிரான்ஸ்பார்மரின் கனம் தெரியும். அது நொடிக்கு 50 சுழற்சியில் வேலை செய்தது. எஸ்.எம்.பி.எஸ். பல்லாயிரம் முறை மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிறது. அதனால்தான் அது கைக்கு அடக்கம். ஆனால் அந்த வேகத்தில் சாதாரண இரும்புக் கோர் சூடாகிவிடும். எனவே மின்சாரத்தை எளிதில் கடத்தாத, கறுத்த ஓடு போன்ற பெர்ரைட் வந்தது. ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்னூக் என்பவர் அதை வளர்த்தெடுத்தார்.

அதில் ஒரு குறை. இரும்பு ஏறத்தாழ 2 டெஸ்லா வரை தாங்கும், எஸ்.எம்.பி.எஸ். பெர்ரைட்டோ அரை டெஸ்லாவுக்குள்ளேயே தெவிட்டிவிடும். ஏன் என்று 1948இல் சொன்னவர் லூயி நெயேல். ஸ்ட்ராஸ்பூரில் பியேர் வெய்ஸிடம் பயின்ற பிரெஞ்சுக்காரர். (அப்போது நம் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.) பெர்ரைட்டுக்குள் நுண்காந்தங்கள் இரண்டு கட்சியாக எதிரெதிரே நிற்கின்றன, இழுபறியில் மிஞ்சுவது மட்டுமே வெளியே தெரிகிறது என்றார். கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சூடு ஏறினால் அந்த மிச்சமும் குறையும். 100 டிகிரியில் பெர்ரைட் இன்னும் சீக்கிரம் தெவிட்டும். சித்திரை வெயிலில், காற்றுப் புகாத டி.வி. அலமாரிக்குள் பெட்டியை அடைத்து வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு மாற்று, கோரின் நடுவே மெல்லிய இடைவெளி விடுவது. காற்று தெவிட்டுவதில்லை, ஆற்றலில் பெரும்பங்கு அந்த இடைவெளியில்தான் தங்குகிறது. சில சோக்குகளில் காகிதத் துண்டு ஒன்றை வைத்தே அந்த இடைவெளியை உண்டாக்குகிறார்கள். பிரித்துப் பூட்டும்போது அதைக் குப்பை என்று எறிந்துவிட்டால், புது டிரான்சிஸ்டரும் சுவிட்சைப் போட்டவுடன் போய்விடும்.