வாலும் இல்லை, காலும் இல்லை, ஆனாலும் ஊர்கிறது!

பாக்டீரியா நகர்கிறது என்றதும் பாடப்புத்தகத்தில் பார்த்த கசையிழைதான் நம் நினைவுக்கு வரும். அந்த வால் இல்லாமலே ஈரமான பரப்பில் வழுக்கிச் செல்பவையும் உண்டு. அவற்றின் கதையை இன்று சொல்கிறேன்.

1892இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் தாக்ஸ்டர், பூஞ்சை என்று எண்ணப்பட்டிருந்த சில உயிர்கள் உண்மையில் கூட்டமாக ஊர்ந்து திரளும் பாக்டீரியாக்கள் என்று காட்டினார். மிக்ஸோபாக்டீரியா என்பது அவற்றின் பெயர். ஊர்வது தெரிந்தது, ஊர வைப்பது எது என்று தெரியவில்லை.

1979இல் ஜோனதன் ஹாட்ஜ்கினும் டேல் கைசரும் மரபணு பழுதான மிக்ஸோகாக்கஸ் வகைகளை ஒப்பிட்டார்கள். ஒரு மரபணுத் தொகுதி கெட்டால், கூட்டமாக நகர்வது மட்டும் நின்றது. இன்னொன்று கெட்டால், தனியாக நகர்வது மட்டும் நின்றது. இரண்டு பழுதும் ஒன்றுசேர்ந்தபோது அசைவே இல்லை. ஆக, ஓர் உடலுக்குள் இரண்டு எந்திரங்கள்!

கூட்டமாகச் செல்லும்போது மெல்லிய இழைகளை நீட்டி, ஒட்டவைத்து, உள்ளிழுத்துக்கொள்கிறது என்று 2000வாக்கில் தெளிவானது. தனியாகச் செல்லும்போது பின்புறம் பசையைப் பீய்ச்சி உந்துகிறது என்று 2002இல் ஒரு கருத்து வந்தது. ஆனால் 2007இல் மிக்னோ குழுவினர் கண்டது வேறு: செல்லுக்குள் புரதத் திரள்கள் தரையைப் பொறுத்து நின்ற இடத்திலேயே நிற்க, உடல் அவற்றைத் தாண்டி முன்னேறியது.

நான் மெச்சுவது 1979ஆம் ஆண்டுச் சோதனையைத்தான். எந்திரத்தைக் கண்ணால் காணாமலே, பழுதுகளை வைத்து அது ஒன்றல்ல, இரண்டு என்று கணக்கிட்டுவிட்டார்களே!