தோல்விக்குச் சூட்டிய பெயர்

வலிமை மிக்க குழு ஒன்று உலகப் பந்தயத்தில் தோற்றுவிட்டால், காரணத்தை ஆராயுமுன்பே அதற்கு ஒரு பெயரைச் சூட்டிவிடுவது மக்கள் வழக்கம். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் குழுவுக்கு அவ்வாறு வாய்த்த பெயர், ‘நெருக்கடியில் நெஞ்சுரம் இழப்போர்’ என்பதாகும். அப்பெயர் பொருந்துமா? வரலாற்றைக் கேட்போம்.

நிறவெறிக் கொள்கையால் 1970 முதல் அனைத்துலகக் கிரிக்கெட்டினின்று விலக்கப்பட்டிருந்த அந்நாடு, 1991 நவம்பரில் கல்கத்தாவில் மீண்டும் களமிறங்கியது. 1992 மார்ச்சில் உலகக் கோப்பை அரையிறுதியையே எட்டிவிட்டது. சிட்னியில் இங்கிலாந்தை எதிர்த்து 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் எடுக்கவேண்டிய வேளையில் மழை குறுக்கிட்டது. மழை விட்டபின், ஒரே பந்தில் 21 ஓட்டங்கள் வேண்டும் என்றாயிற்று! எங்ஙனம்? முதலில் ஆடிய குழு மிகக் குறைந்த ஓட்டங்கள் எடுத்த ஓவர்களையே கழிக்கவேண்டும் என்பது அன்றைய விதி. தென்னாப்பிரிக்கர் சிறப்பாகப் பந்து வீசி இங்கிலாந்தைக் கட்டிவைத்த ஓவர்களே அவ்வாறு கழிந்தன. அவர்தம் திறமையே அவர்களுக்குப் பகையாயிற்று. இதில் நெஞ்சுரத்திற்கு என்ன வேலை?

அடுத்து 1999. பர்மிங்காமில் ஆஸ்திரேலியாவுடன் அரையிறுதி. இறுதி ஓவரில் 9 ஓட்டங்கள் தேவை. கைவசம் ஒரே விக்கெட். குளூஸ்னர் முதலிரு பந்துகளையும் எல்லைக்கு அனுப்பினார். இரு தரப்பும் 213 எனச் சமமாயின. எஞ்சிய நான்கு பந்துகளில் ஓர் ஓட்டம் போதும். நான்காம் பந்தில் குளூஸ்னர் ஓடினார், டொனால்டு தயங்கினார், மட்டையையும் நழுவவிட்டு ஆட்டமிழந்தார். முந்திய சுற்றின் பட்டியலில் மேலிருந்த ஆஸ்திரேலியா இறுதிக்குச் சென்றது. இங்கே பதற்றம் உண்டு, மறைப்பதற்கில்லை.

2003இல் டர்பனில் நிகழ்ந்ததோ வேறு. பழைய மழை விதியின் குறை நீங்கவே டக்வொர்த், லூயிஸ் என்னும் இருவர் புதிய கணக்குமுறை வகுத்திருந்தனர். இலங்கையுடன் ஆடிய அன்று, அக்கணக்குத்தாளில் 229 என்பது சமநிலைக்குரிய எண். வெற்றிக்கு 230 வேண்டும். 229 போதுமென்றே தென்னாப்பிரிக்கர் எண்ணினர். கண்டியில் பிறந்த தமிழரான முரளிதரனின் பந்தைச் சிக்சருக்கு அடித்து பௌச்சர் அந்த எண்ணைத் தொட்டார். அடுத்த பந்தை ஓட்டமெடுக்காமல் தடுத்துவிட்டார். மழையால் ஆட்டம் அத்துடன் நின்று சமனாயிற்று. தம் மண்ணில் நடந்த பந்தயத்தில் முதற்சுற்றோடு வெளியேறினர்.

ஒன்று விதியின் கோணல், ஒன்று பதற்றம், ஒன்று தாளைத் தவறாகப் படித்தது. மூன்று நோய்க்கும் ஒரே பெயரிட்டால் மருந்து கிடைக்குமா?

இவர்கள் என்றும் தோற்றவர்களும் அல்லர். 1998இல் டாக்காவில் நடந்த அனைத்துலகக் கோப்பையை வென்றவர்கள் இவர்களே. எனினும் ஒருநாள் ஆட்டத்தில் ஒரு பிழை நேர்ந்தால், அதைத் திருத்த அவகாசம் சிறிது. 2024இல் பார்படோசில் இந்தியாவுக்கு எதிரான இருபது ஓவர் இறுதியாட்டத்தில், 30 பந்துகளில் 30 ஓட்டங்கள் என்ற நிலையிலிருந்தும் 7 ஓட்டங்களில் தோற்றனர்.

மறு ஆண்டு லார்ட்ஸ் அரங்கில் டெஸ்ட் வாகைக்கான இறுதியாட்டம். முதல் இன்னிங்சில் 138 ஓட்டங்களுக்குச் சுருண்டு, ஆஸ்திரேலியாவுக்கு 74 ஓட்டங்கள் பின்தங்கினர். ஆயின் டெஸ்ட் ஆட்டம் மறு இன்னிங்ஸ் தருவது. வெற்றிக்கு வேண்டிய 282 ஓட்டங்களை ஐந்து விக்கெட் இழப்பில் எடுத்தனர். மார்க்ரம் 136 அடித்தார். தலைவர் பவுமா தொடைத்தசைக் காயத்தோடு நொண்டியபடியே ஓடி 66 சேர்த்தார். ஒருகாலத்தில் நிறத்தைக் காட்டித் தன் மக்களையே ஒதுக்கிய நாட்டின் டெஸ்ட் குழுவுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர்.

ஆசிரியப் பெருமக்களே! நம் வகுப்பிலும் ஒரு மாணவன் வினாவைத் தவறாகப் படிக்கிறான், ஒருவன் பதறுகிறான், ஒருவனுக்கு வினாத்தாளே கோணலாக அமைகிறது. மூவர் ஏட்டிலும் ‘மந்தம்’ என்று ஒரே சொல்லை எழுதிவிடுகிறோம். முப்பதாண்டுக் காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன். பெயர் சூட்டுமுன் காரணம் காண்போம். மறுமுறை ஆட இடம் கொடுப்போம்.