மரதன் ஓட்டமும் நடுவயதினரும்: புத்தளக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கி.பி. 1344 இல் மொறோக்கோ நாட்டுப் பயணியான இபுனு பதூதா புத்தளக் கரையில் இறங்கியபோது அவருக்கு வயது 40. சிவனொளிபாத மலையைத் தரிசிக்க விரும்பிய அவருக்கு ஆரியச்சக்கரவர்த்தி ஒரு பல்லக்கையும் அதனைச் சுமக்கும் அடிமைகளையும் வழங்கினான். அவர்களுடன் யோகியர் 4 பேரும், பிராமணர் 3 பேரும், பரிவாரத்தினர் 10 பேரும், உணவுப் பொருள்களைச் சுமப்போர் 15 பேரும் சென்றனர் என அவரது பயணநூல் கூறுகின்றது. அவர்கள் சிலாபத்தை அடைந்து, அதன் பின்னர் நீர்ப்பெருக்கும் யானைகளும் மிக்க நிலத்தைக் கடந்ததும் அந்நூலால் தெரியவருகின்றது. பல்லக்கில் இருந்தவரின் பெயரை உலகம் அறியும். சுமந்தோரின் பெயர்கள் அந்நூலில் இடம்பெறவில்லை.

நடுவயதினர் மரதன் ஓட்டத்திற்குப் பயிற்சி பெறுதல் என்னும் இக்காலப் பொருளை ஆராய்வதற்கு இப்பல்லக்கே பொருத்தமான தொடக்கமாகும். பண்டைய நாளில் நெடுந்தூரத்தைக் காலால் கடத்தல் ஏவலரின் தொழில். அமர்ந்து செல்லுதல் செல்வாக்குடையோரின் உரிமை. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் மேற்குக் கரைவழியாகத் தபாலைக் கொண்டு சென்றவர்கள் கூலிக்கு ஓடியவர்களேயாவர். பின்னர் வண்டிப் பாதைகள் பெருகின. 1926 இல் இருப்புப்பாதையும் புத்தளத்தை எட்டியது. காலின் வேலை படிப்படியாகக் குறைந்து, பல்லக்கு எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று கூறினும் பொருந்தும். ஆயினும் இக்கரைக்கு வேறொரு நினைவும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலர் கால்நடையாகவும் படகேறியும் இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் இருந்த நடுவயதினருக்குப் பயிற்சி பெற அவகாசம் எவரும் அளிக்கவில்லை.

மரதன் என்னும் போட்டியோ மிகப் பிற்பட்டது. கிரேக்க வீரன் வெற்றிச் செய்தியுடன் ஏதென்சுக்கு ஓடி உயிர்நீத்தான் என்னும் கதை எரொடோற்றசின் வரலாற்றில் இல்லை. அது பல நூற்றாண்டுகளின் பின்னர் வந்தோர் எழுதியது. 1896 இல் ஏதென்சில் நடைபெற்ற முதலாவது ஒலிம்பிக் மரதனின் தூரம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். 1908 இல் இலண்டனில் ஓடப்பட்ட 42.195 கிலோமீற்றரே 1921 இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. எம் நாட்டுப் பாடசாலைகளிலும் சித்திரைப் புத்தாண்டு விழாக்களிலும் சில மைல் ஓட்டத்தையே மரதன் என அழைக்கும் வழக்கம் இருப்பதால், உண்மைத் தூரத்தை முதன்முறை கேட்போர் திகைப்பது இயல்பே.

தொடக்க காலத்தில் இது திடகாத்திரமான இளைஞர்க்குரியதாகவே கருதப்பட்டது. அவர்களுக்கும் அது ஆபத்தற்றதாய் இருக்கவில்லை. 1912 இல் சுரொக்கோம் நகரின் கடும் வெயிலில் ஓடிய போர்த்துக்கேய வீரர் பிரான்சிசுக்கோ இலாசரோ வழியில் வீழ்ந்து மறுநாள் இறந்தார். அவர் உடலிற் பூசியிருந்த மெழுகு வியர்வையைத் தடுத்தது என்பர்.

இந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் நியூசிலாந்தின் ஆதர் லிடியாட். சப்பாத்துத் தொழிற்சாலையிற் பணியாற்றிய அவர், தம்மைத் திடமானவர் என எண்ணியிருந்த வேளையில், நண்பர் ஒருவருடன் 5 மைல் ஓடிக் களைத்துப் போனார். அந்த அவமானமே அவரது ஆராய்ச்சியின் ஊற்றாயிற்று. பல ஆண்டுகள் தம் உடலையே சோதனைக்களமாக்கி, விரைவுக்கு முன்னர் நீண்ட, மெதுவான ஓட்டத்தால் அடித்தளம் இடவேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1960 உரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர் இருவர் ஒரே நாளிற் தங்கப் பதக்கம் வென்றனர். ஆயினும் அப்பதக்கங்களைவிட, ஒக்லாந்தில் தொந்தி விழுந்த வணிகரையும் இதயநோய் கண்டோரையும் அதே முறையில் அவர் ஓடவைத்ததே பெரிய சாதனை எனல் வேண்டும்.

1962 இன் இறுதியில் அங்கு சென்ற ஒறிகன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் பில் பவமனுக்கு அப்போது வயது 51. பிறருக்கு ஓட்டம் கற்பித்துப் புகழ்பெற்ற அவரால் அக்கூட்டத்துடன் ஓட இயலவில்லை. எழுபதைக் கடந்த, இதயநோயிலிருந்து மீண்ட முதியவர் ஒருவர் தம் வேகத்தைக் குறைத்து அவருக்குத் துணையாக வந்தார். நாடு திரும்பிய பவமன் பொதுமக்களுக்கு மெல்லோட்ட வகுப்புகளை ஆரம்பித்தார். 1967 இல் அவரும் ஒரு மருத்துவரும் எழுதிய நூல் அமெரிக்காவெங்கும் பரவியது. அருகில் ஓடுபவருடன் உரையாட முடியாத வேகம் தொடக்கநிலையாளர்க்கு ஆகாது என்பதே அவர்கள் கற்பித்த எளிய அளவுகோல். இதன் காரணம் உடலமைப்பிலேயே உள்ளது. இதயமும் மூச்சும் சில வாரங்களிற் திருந்திவிடும். தசைநார்களும் எலும்பும் உறுதிபெறப் பல மாதங்கள் வேண்டும். மூச்சு இடங்கொடுத்ததே என்று தூரத்தைத் திடீரெனப் பெருக்கியவர் முழங்கால் நோவுடன் வீட்டிலிருக்க நேரும்.

தமிழ்நாட்டில் மா. சுப்பிரமணியனின் வரலாறு இதனோடு ஒப்புநோக்கற்பாலது. நீரிழிவு நோயாளியான அவர் 2004 இல் வீதி விபத்தில் முழங்காலிற் காயமுற்றார். ஐம்பதைக் கடந்த பின்னரே ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மரதன்களை நிறைவுசெய்தார். 2021 இல் மாநிலத்தின் சுகாதார அமைச்சருமானார். பஞ்சாப்பிற் பிறந்த பௌசா சிங்கோ மகனைப் பறிகொடுத்த துயரின் பின்னர் ஓட்டத்தில் ஈடுபட்டு, 2000 இல் இலண்டன் மரதனை 6 மணி 54 நிமிடத்தில் முடித்தார். அவர் கூறிய பிறந்த ஆண்டின்படி அப்போது அவருக்கு 89 வயது; பிறப்புச் சான்றிதழ் இன்மையால் கின்னசு நூல் அவரது சாதனைகளை ஏற்கவில்லை. 2025 யூலையில் தம் ஊரருகே வீதி விபத்தில் அவர் மறைந்தார்.

புத்தளக் கரைக்கு மீள்வோம். பாலாவிச் சந்தியிலிருந்து நுரைச்சோலை, தலவில வழியாகக் கற்பிட்டி வரையுள்ள வீதி ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அதாவது 1896 இன் மரதன் தூரம். ஏற்றமின்மை இதன் வசதி. வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் இதன் இடர். வியர்வை உலராதவிடத்து உடல் குளிராது. இலாசரோவுக்கு மெழுகு செய்ததை இங்கு ஈரக்காற்றுச் செய்யக்கூடும். ஆகவே விடியலுக்கு முன்னரே பயிற்சி தொடங்கவேண்டும். தாகத்திற்கு அஞ்சி அளவின்றி நீர் அருந்துதலும் கேடு. 2002 பொசுரன் மரதனில் ஆராயப்பட்ட 488 பேருள் 13 வீதமானோரின் குருதியிற் சோடியம் குறைந்திருந்தது. 4 மணிநேரத்திற்கு மேல் ஓடியோரும், ஓடும்போது எடை கூடுமளவு நீர் அருந்தியோருமே அதற்குப் பெரிதும் உள்ளானோர். உப்பளங்களின் அருகே ஓடுபவர் உடலின் உப்பையும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கின்றது.

நாளுக்குச் சில நிமிட நடையுடன் தொடங்கும் ஒருவர், இடையிடையே ஓய்வுநாள்களும் விட்டு, இத்தூரத்தைத் தாங்கும் நிலையை எய்த ஓராண்டு வரை செல்லலாம். பாலாவியிற் புறப்பட்டு, இருமருங்கும் மீன்வாடிகளையும் தென்னந்தோப்புகளையும் கடந்து, கற்பிட்டியின் ஒல்லாந்தக் கோட்டை வாயிலை அவர் அடையும்போது, 1908 இல் இலண்டனில் கூட்டப்பட்ட அந்த இரண்டு கிலோமீற்றர் இன்னும் எஞ்சியிருக்கும்.