சாளரத்தின் அகலம் அறிந்த வரலாறு

அச்சிட்ட ஏட்டின் அகலம் ஒருமுறை அமைந்தபின் மாறுவதில்லை. கணினித் திரையில் தோன்றும் உலாவிச் சாளரமோ, படிப்பவர் அதன் ஓரத்தைப் பிடித்து இழுக்குந்தோறும் விரியும், சுருங்கும். ஆகவே, வலைப்பக்கம் எழுதுவோர், "இப்பொழுது இதன் அகலம் யாது?" என்று நிரலின் வாயிலாகக் கேட்டறிய வேண்டியவராகின்றனர். இவ்வெளிய கேள்விக்கு ஒரு பொதுச்சொல் அமையப் பதினான்கு ஆண்டுகள் சென்ற வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் அமைத்தார். புதிய சாளரத்தை இன்ன அளவில் திறக்க ஆணையிட அம்மொழி தொடக்கத்திலேயே இடந்தந்தது. ஆயின், திறந்திருக்கும் சாளரத்தின் அளவைக் கேட்க வழியில்லை. 1997-இல் வெளிவந்த நேவிகேட்டர் 4 அக்குறையைத் தீர்த்தது. 'இன்னர்விட்த்' என்னும் சொல் சாளரத்தின் உள்ளகலத்தையும், 'அவுட்டர்விட்த்' என்பது சட்டத்தோடு கூடிய வெளியகலத்தையும் எண்ணாகத் தந்தன.

அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4-ஐ வெளியிட்டனர். அவர்கள் அச்சொல்லை ஏற்றிலர். பக்கத்தின் உடற்பகுதியை நோக்கிக் கேட்கும் 'கிளையன்ட்விட்த்' என்பதை வைத்தனர். 2001-இல் வந்த அதன் ஆறாம் பதிப்போ, பொதுநெறிப்படி எழுதிய பக்கங்களில் உடற்பகுதியை விடுத்து வேர் உறுப்பைக் கேட்கச் செய்தது. அளக்கும் முறையும் ஒன்றன்று. 'இன்னர்விட்த்' உருள்பட்டையையும் சேர்த்து அளக்கும். 'கிளையன்ட்விட்த்' அதனைத் தள்ளி அளக்கும். ஊருக்கொரு மரக்கால் வழங்கிய சந்தையை ஒத்திருந்தது அந்நிலை! விவரமறிந்தோர் மூன்று கேள்விகளையும் அடுக்கி எழுதி, எதற்கு விடை கிடைத்ததோ அதனைக் கொண்டனர். தம் உலாவி ஒன்றையே எண்ணி எழுதினோர் பக்கங்கள் பிற உலாவிகளில் சீர்குலைந்தன. பிழை எழுதியவருடையது, இடர் படித்தவருக்கு.

2008-இல், வலைநெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, இவ்வளவுகளின் பொருளை வரையறுக்கும் வரைவை வெளியிட்டது. இரண்டில் ஒன்றை அது தள்ளவில்லை. உருள்பட்டை எதில் அடங்கும், எதில் அடங்காது என்பதைத் தெளிவாக்கியது. 2011-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 'இன்னர்விட்த்'தை ஏற்கவே, அச்சொல் பொதுச்சொல்லாயிற்று.

இன்றும் இரு சொற்களும் வழக்கில் உள்ளன. ஆதலின், கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள், "அகலம் எவ்வளவு?" என்று கேட்குமுன், "எதுமுதல் எதுவரை?" என்று கேட்க மாணவரைப் பழக்குதல் நன்று.