ஹெரால்டின் கியர்பாக்ஸ்: கோவென்ட்ரியில் பிறந்தது, சென்னையில் தேய்ந்தது

வெளிநாட்டுத் தொழில்நுட்பம் உள்ளூர்க்காரர் கையில் வேலை செய்வது குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. வட்டக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1741ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாய், பிறகு அதே மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து இந்தக் கோட்டையைப் பலப்படுத்தினார். அறிவு ஐரோப்பாவிலிருந்து வந்தது. கல்லும் உழைப்பும் இந்த மண்ணுடையவை.

இருநூறு ஆண்டு கழித்து சென்னையில் இதே மாதிரி ஒன்று நடந்தது. இந்த முறை வந்தது கார். ஆனால் ஒரு வித்தியாசம். கோட்டைச் சுவர் தேய நூற்றாண்டுகள் ஆகும். கியர்பாக்ஸுக்குச் சில வருடங்களே போதும்! தேய்ந்த பிறகு யார் சரிசெய்வது, எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணன்

1949ல் முழுமையாகப் பூட்டிய கார்களை இறக்குமதி செய்வதற்கு இந்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. 1953ல் சுங்கவரி ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போய், உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டும் இடம் என்று பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் தயாரிப்பில் மிஞ்சியவர்கள் மூவர்: கல்கத்தாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்ட்.

ஸ்டாண்டர்டின் தாய்வீடு இங்கிலாந்தில் உள்ள கோவென்ட்ரி. அங்கே 1959ல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற கார் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலொட்டி. 1961 முதல் அதே கார் 948 சி.சி. என்ஜினோடு சென்னையில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் தயாரானது.

1962ல் கோவென்ட்ரியில் ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதன் மேல் இரண்டு பேர் உட்காரும் திறந்த காரை வைத்தார்கள். அதுதான் ஸ்பிட்ஃபயர்! இன்றும் உலகம் முழுக்க ரசிகர்கள் பாதுகாத்து வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். அதற்குப் போன கியர்பாக்ஸும் ஹெரால்ட் வழி வந்ததுதான். எனவே பழைய ஸ்பிட்ஃபயருக்கு வரும் கியர்பாக்ஸ் நோயும் நம்மூர் ஹெரால்டுக்கு வந்த நோயும் ஒன்றே. மருத்துவம்தான் வேறாக இருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

இந்தக் கியர்பாக்ஸில் நான்கு முன் கியர்கள். என்ஜினின் சுழற்சி கிளட்ச் வழியாக முதல் தண்டுக்கு வரும். அங்கிருந்து கீழே இருக்கும் லேஷாஃப்ட்டுக்கு இறங்கி, மறுபடி மேலேறி மெயின்ஷாஃப்ட் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகும். ஒன்று, இரண்டு, மூன்றாம் கியர்களில் இதுதான் பாதை. நான்காவதில் மட்டும் முதல் தண்டும் மெயின்ஷாஃப்ட்டும் நேராகக் கோத்துக்கொள்ளும்; லேஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அதன் மேல் பாரம் இருக்காது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்தால் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று சின்க்ரோமெஷ். கியர் மாற்றும்போது வேகம் வேறுபட்ட இரண்டு பாகங்கள் சேர வேண்டும். வெண்கல வளையம் ஒன்று முதலில் உரசி இரண்டின் வேகத்தையும் சமப்படுத்துகிறது. அதன் பிறகே பற்கள் கோக்கின்றன. ஹெரால்டில் இது இரண்டு, மூன்று, நான்கு கியர்களுக்குத்தான் உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. ஓடும் வண்டியில் அவசரப்பட்டு முதல் கியரைத் தள்ளினால் 'கர்ர்ர்' என்ற சத்தத்தோடு பல் தேயும், சில சமயம் நுனி உடையும்.

காதால் பார்க்கும் வைத்தியம்

அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும் முன் காதைத் தீட்டிக்கொள்வார். அவர் கேட்பது இவைதான்.

* மூன்று கியரிலும் உறுமல், டாப் கியரில் அமைதி: லேஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது.
* நியூட்ரலில் சத்தம், கிளட்சை மிதித்தால் நிற்கிறது: முதல் தண்டின் பேரிங் அல்லது லேஷாஃப்ட்.
* கிளட்சை மிதித்தால்தான் சத்தம்: கிளட்ச் ரிலீஸ் பேரிங். கியர்பாக்ஸ் மேல் குற்றமில்லை.
* ஒரு கியரில் மட்டும் கரகரப்பு: அந்தக் கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது.
* எல்லாக் கியரிலும், ரிவர்ஸிலும்கூடக் கரகரப்பு: கிளட்ச் முழுதாக விடவில்லை. ஹைட்ராலிக் கசிவைப் பார்க்க வேண்டும்.
* போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது: பூட்டும் ஸ்பிரிங், ஃபோர்க் அல்லது கோக்கும் பற்கள் தேய்ந்திருக்கலாம்.
* டாப் உட்பட எல்லாக் கியரிலும் ஊளை, ஆக்ஸிலேட்டரை விட்டால் சுருதி மாறுகிறது: சந்தேகம் பின்பக்க டிஃபரன்ஷியல் மேல்.

முதல் கியரிலும் ரிவர்ஸிலும் வரும் மெல்லிய ஊளை நோயே அல்ல. அந்தப் பற்கள் நேராக வெட்டப்பட்டவை, அப்படித்தான் பாடும்!

அடுத்த சோதனை ஆயில். வடித்த ஆயிலில் பொன்னிறத் தூள் மினுங்கினால் சின்க்ரோ வளையம் கரைகிறது. இரும்புச் செதில் வந்தால் பேரிங்கோ பல்லோ உடைகிறது. இனி ஓட்டக் கூடாது. ஆயில் தேர்விலும் கவனம் தேவை. ஜிஎல்-5 வகை ஆயில்கள் சிலவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெண்கலத்தை அரிக்கும் என்பதால், இந்த வகைப் பழைய பெட்டிகளுக்கு ஜிஎல்-4 பாதுகாப்பானது.

ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் கியர்பாக்ஸை வெளியே எடுப்பது வேடிக்கையான வேலை. சீட்டையும் நடுவில் உள்ள மூடியையும் கழற்றிவிட்டுக் காருக்குள்ளிருந்தே தூக்கி எடுக்கிறார்கள்.

இரண்டு ஊர், இரண்டு கணக்கு

இங்கேதான் வரலாறு வருகிறது. கோவென்ட்ரிக்குச் சந்தையில் போட்டி இருந்தது. ஸ்பிட்ஃபயரின் என்ஜின் 1147, 1296, 1493 சி.சி. என்று வளர்ந்தது. 1970ல் வந்த நான்காம் மாடலில் முதல் கியருக்கும் சின்க்ரோமெஷ் கிடைத்தது. ஓட்டுநரின் காலில் இருந்த சுமையைத் தொழிற்சாலை வாங்கிக்கொண்டது.

சென்னையில் நிலைமை வேறு. ஹெரால்ட் போய் 1972ல் கெஸல் வந்தது. இந்திய மெக்கானிக்குகளுக்குப் பிடிக்காத பின் அச்சை மாற்றினார்கள், உடம்புக்குப் புது வடிவம் கொடுத்தார்கள். ஆனால் 1977ல் கெஸல் நிற்கும் வரை என்ஜின் அதே 948 சி.சி.தான். பூட்டிய சந்தையில் புதிதாகச் செய்ய அவசரம் இல்லை. லைசென்ஸ் முறையில் அது எளிதாகவும் இல்லை.

பாகத்தை இறக்குமதி செய்வதே பெரும்பாடு என்னும்போது, தேய்மானத்தின் செலவு யார் தலையில் விழும்? ஓட்டுநர் டபுள் கிளட்ச் போடப் பழகினார்: கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஒரு ஆக்ஸிலேட்டர், மறுபடி மிதித்துக் கியர். மெக்கானிக் காதைப் பழக்கினார். லேத் பட்டறைக்காரர் தண்டு கடைந்தார். கடைந்தால் மட்டும் போதாது, மேற்பரப்பைக் கடினப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஊசி பேரிங்குகள் புதுத் தண்டையும் சீக்கிரமே குழி பறித்துவிடும்.

இதைக் கெட்டிக்காரத்தனம் என்று கொண்டாடலாம், தப்பில்லை. ஆனால் அதன் விலையையும் கணக்கில் எழுத வேண்டும். தொழிற்சாலை செய்யாத முன்னேற்றத்துக்காக ஒவ்வொரு ஓட்டுநரும் ஒவ்வொரு பட்டறையும் தினமும் உழைப்பால் வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் அந்த வரி ஏறவில்லை. 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரோடு கம்பெனி திரும்பி வந்தபோதும், ரோவர் எஸ்டி1 உடம்புக்குள் பழைய வான்கார்ட் வம்சத்து என்ஜினையே வைத்தார்கள். மாருதி வந்துவிட்ட சந்தையில் அது 1988க்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை.

பாதுகாப்புச் சுவர் கட்டினால் உள்ளே தொழில் பிறக்கும் என்பது உண்மை. சுவருக்குள் இருப்பவர்களை முன்னேறச் சொல்லி நெருக்க ஆள் இல்லாவிட்டால் அது தேங்கும் என்பதும் உண்மை. ஹெரால்டின் கியர்பாக்ஸ் இரண்டையும் ஒரே பெட்டியில் காட்டுகிறது.

கொசுறு: மூடிக்கிடந்த சென்னைத் தொழிற்சாலையின் சொத்துக்கள் 2006ல் ஏலத்துக்கு வந்தன. அங்கே பயன்படுத்தாமல் கிடந்த எஸ்டி1 பாகங்களை வாங்கியது ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். சென்னையில் யாருக்கும் வேண்டாத பாகங்கள், இங்கிலாந்தின் பழைய கார்களை ஓட வைக்கக் கப்பல் ஏறின!