விரலும் அங்குலமும்: புருஷ லட்சணத்தில் ஓர் அளவைச் சிக்கல்

1885ஆம் ஆண்டில் ரிச்சர்டு பர்ட்டனும் ஆர்பத்நாட்டும் கலியாணமல்லரின் அநங்கரங்கத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, முயல், இடபம், குதிரை என்று அந்நூல் வகுக்கும் மூவகை ஆடவர்க்கும் உரிய குறியளவாகிய ஆறு, ஒன்பது, பன்னிரண்டு விரல் என்னும் எண்களுக்கு நேராக மூன்று, நாலரை, ஆறு அங்குலம் என்று தம் கணக்கையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். முயலாடவன் குறுகிய சரீரமும் சிறிய கைகால்களும் உடையவன், குதிரையாடவன் நெடிதோங்கியவன் என்று மூலநூல் தரும் வருணனையோடு இவ்வங்குலக் கணக்கும் சேர்ந்துகொள்ளவே, உறுப்புகளின் புறத்தோற்றத்தைக் கண்டு மறைவான அவயவத்தின் அளவைச் சொல்லிவிடலாம் என்பது பாரதநாட்டுச் சாஸ்திரங்களின் ஆதி சித்தாந்தம் என்னும் அபிப்பிராயம் பின்வந்தோரிடையே வேரூன்றிவிட்டது. இந்த அபிப்பிராயத்தை நான் ஏற்பதற்கில்லை.

முதலில் நூல்களின் வரிசையைக் காண்போம். வாத்ஸ்யாயனர் ஆடவரை மூவகையாகப் பிரித்தது குறியளவு ஒன்றையே பற்றி. அவருடைய காமசூத்திரத்தில் விரற்கணக்கும் இல்லை, முகம், பல், தொடை முதலியவற்றின் வருணனையும் இல்லை. அவ்வருணனைகள் கொக்கோகரின் ரதிரகசியத்தில் காணப்படுகின்றன. அந்நூலின் காலம் 11ஆம் நூற்றாண்டா 12ஆம் நூற்றாண்டா என்பது இன்றும் தீரவில்லை. அதன் தமிழ் வடிவமாகிய கொக்கோகத்தை அதிவீரராமர் செய்தாரா, வரதுங்கராமர் செய்தாரா என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும், உடலமைப்பும் குறியளவும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டது வாத்ஸ்யாயனருக்குப் பிற்பட்ட செயல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கோத்த இழை எங்கிருந்து வந்தது? உடற்குறி கண்டு பலன் கூறும் சாமுத்திரிகத்திலிருந்து என்பதே என் துணிபு. ஆனால் சாமுத்திரிகத்தில் இந்தச் சம்பந்தம் தலைகீழாக இருந்தது. ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரர் பிருகத்சம்ஹிதையின் புருஷ லட்சண அத்தியாயத்தில் குறியையும் ஒரு லட்சணமாகவே எண்ணுகிறார். அது சிறிதாயின் செல்வமுண்டு, சந்ததி இல்லை. பருத்ததாயின் பொருளில்லை என்பது அவர் கூறும் பலன். அங்கே குறி என்பது அடையாளம். அடையாளம் காட்டும் பொருள் செல்வமும் புத்திரப் பேறும். கையைப் பார்த்துக் குறியை ஊகிப்பது அவர் நோக்கமன்று. குறியைப் பார்த்து விதியை ஊகிப்பதே நோக்கம்.

கையைக் கொண்டு குறியை ஊகிக்கும் விதி அந்நாளில் இல்லை என்பதற்குக் காஞ்சியோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. அதன்மேல் சற்று நிற்க விரும்புகிறேன். ஐந்தாம் நூற்றாண்டுப் பௌத்த உரையாசிரியரான புத்தகோஷர் தம் மனோரதபூரணியின் முடிவில், காஞ்சிபுரத்தில் தம்மோடு உடனிருந்த ஜோதிபாலரின் வேண்டுகோளால் அவ்வுரையை எழுதியதாகக் குறிக்கிறார். புத்தருக்குச் சொல்லப்படும் மகாபுருஷ லட்சணம் முப்பத்திரண்டனுள் ஒன்று உறைக்குள் அடங்கிய குஹ்யம். அதற்கு உரை காணுமிடத்து அவர் காட்டும் உவமை இடபமும் யானையும். கொக்கோகர் அளவுக்கு எடுத்தாளும் அதே இடபத்தைப் புத்தகோஷர் மறைவுக்கு எடுத்தாள்கிறார். எத்துணைப் பெரிய சரீரமாயினும் அது தன் உறுப்பை வெளிக்காட்டுவதில்லை என்பதே அங்குள்ள குறிப்பு. அம்பட்ட சூத்திரத்திலும் சேல சூத்திரத்திலும் புத்தரிடம் லட்சணம் பார்க்க வந்த பிராமணர்கள் முப்பது அடையாளங்களைக் கண்ணால் கண்டுவிட்டு, நாக்கையும் குஹ்யத்தையும் பற்றி மாத்திரம் ஐயுற்று நிற்கிறார்கள். நீண்ட கையையும் அகன்ற மார்பையும் கண்டவர்கள் அவற்றைக்கொண்டு மறைந்ததை ஊகித்துக்கொள்ளவில்லை. புத்தர் தம் இருத்தி என்னும் சித்தியால் அதனைக் காட்டும்வரை ஐயம் தீரவில்லை. லட்சண வித்தையில் தேர்ந்தவர்களுக்கே ஊகம் துணைவரவில்லையென்றால், அப்படியோர் ஊகவிதி அந்நாளில் வழங்கியதாகக் கொள்வது எவ்வாறு பொருந்தும்?

ஜினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றத்தின் அருகப் படிமங்களையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். அருகன் திருவுருவத்திற்கு வராகமிகிரர் விதிப்பவை முழந்தாள்வரை நீண்ட கை, ஸ்ரீவத்ஸம், சாந்தம், இளமை, அழகு, திகம்பரத்துவம் ஆகியவை. ஆடையற்ற உருவத்தைப் பேசுமிடத்திலும் குறியின் அளவைப் பற்றி ஒரு சொல் இல்லை. சொல்லாமையை ஆதாரமாகக் கொள்வது வலுவற்ற வாதம் என்பதை அறிவேன். எனினும் நீண்ட அவயவத்தோடு அதனைச் சேர்த்தெண்ணும் வழக்கம் இருந்திருந்தால் சிற்பிக்கு விதி சொல்ல அதைவிடத் தகுந்த இடம் வேறில்லை.

இனி, பர்ட்டனின் அங்குலத்துக்கு வருவோம். ஆறு விரலை மூன்று அங்குலமாக்கியதனால் ஒரு விரலை அரை அங்குலமாக அவர் கொண்டார் என்பது வெளிப்படை. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்பது நம் வாய்பாடு. காஞ்சியில் எந்த ஜவுளிக் கடையில் கேட்டாலும் எட்டு முழ வேட்டி என்பது நாலு கஜம்; அதாவது முழம் பதினெட்டு அங்குலம், விரல் முக்கால் அங்குலம். அவ்வாறாயின் மூவகையின் அளவும் நாலரை, ஆறேமுக்கால், ஒன்பது அங்குலம் ஆகிவிடும். ஒன்பது அங்குலத்தை நம்ப இயலாமல் பர்ட்டன் விரலைக் குறுக்கிக்கொண்டாரோ என்று ஐயுறுகிறேன், நிரூபிக்க வழியில்லை.

ஆனால் முக்கால் அங்குலமும் ஜவுளிக்கடை விரலே அன்றி உடம்பின் விரல் அன்று. எண்சாண் உடம்பு என்று சொல்லுகிறோமே, அது தொண்ணூற்றாறு விரல். கடைக்கணக்கில் ஆறடி உயரம். அத்தகைய ஆகிருதி வாய்ந்தோர் ராஜவீதியில் எத்தனை பேர்? ஐந்தடி நான்கங்குல மனிதன் தன் விரலால் தொண்ணூற்றாறு ஆக வேண்டுமாயின் அவன் விரல் மூன்றில் இரண்டு அங்குலமே. வராகமிகிரரும் உத்தமனுக்கு நூற்றெட்டு, மத்திமனுக்குத் தொண்ணூற்றாறு, அதமனுக்கு எண்பத்துநான்கு என்று உயரம் வகுத்துவிட்டு, அவரவர் சொந்த விரலாலேயே அளக்க வேண்டும் என்கிறார். ஸ்தபதிகளும் படிமத்தின் உயரத்தைத் தாளக் கணக்கால் பகுத்து அதிலிருந்தே அதன் விரலளவைப் பெறுகிறார்கள். வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாள் தன் முழங்கையால் மல்லிகைச் சரத்தை அளந்து போடுகையில், "உன் கை குட்டைக் கை, இன்னும் ரெண்டு விரற்கடை விடு" என்று வாங்குபவர் வழக்காடுவதை நான் கேட்டிருக்கிறேன். ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்னும் ஞானம் அங்கே இன்றும் உயிரோடிருக்கிறது.

கொக்கோகரின் விரலும் சொந்த விரலாயின், ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்பவை நீளமல்ல, விகிதம். கையின் அளவு அளவுகோலுக்குள்ளேயே அடங்கிவிட்டமையால், சிறிய கை சிறிய குறியைக் காட்டும் என்று தனியே ஓர் அனுமானம் செய்ய இடமில்லை. இதற்கு வலிய ஆட்சேபம் ஒன்றுண்டு. ஆண் பெண் இருவர் அளவும் ஒத்தால் சமரதம், ஒவ்வாவிடில் விஷமரதம் என்று இந்நூல்கள் பகுப்பதால், இருவர்க்கும் பொதுவான அளவுகோல் வேண்டியிருக்கிறது. இதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. பொதுவிரல் என்றே வைத்துக்கொண்டாலும் அரை அங்குலம் என்பது எவ்வாற்றானும் நிற்காது என்ற அளவில் அமைகிறேன்.

தற்கால அளவீடுகளோடு ஒப்பிட்டால் பர்ட்டன் விளைவித்த குழப்பம் நன்கு புலனாகும். 2007இல் கேரள மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் விறைப்பு நிலைச் சராசரி 13.01 சென்டிமீட்டர், 2015இல் 15,521 பேரின் அளவுகளைத் தொகுத்த ஆய்வில் அது 13.12. இந்தச் சராசரி மனிதன் ஜவுளிக்கடை விரலில் ஏழுக்குச் சற்றுக் குறைந்து முயலுக்கு அருகில் நிற்கிறான். பர்ட்டன் விரலில் பத்தைத் தாண்டி இடபத்தையும் விஞ்சிவிடுகிறான். உடலுறுப்புகளோடுள்ள தொடர்போ மிக மெலிது: காலணி அளவை 2002இல் 104 பேரிடம் பரிசோதித்த லண்டன் மருத்துவர்கள் அதனோடு எத்தொடர்பையும் காணவில்லை. உயரத்தோடு சிறிது தொடர்பு உண்டு, ஆனால் ஒருவனைப் பார்த்து ஒன்றைச் சொல்லப் போதாது. 2011இல் கொரிய மருத்துவர்கள் 144 பேரிடம் ஆட்காட்டி விரலுக்கும் மோதிர விரலுக்கும் உள்ள விகிதத்தில் ஓரளவு தொடர்பு கண்டனர். மீண்டும் விரல்தான் என்று மகிழ்வதற்கில்லை. அது கருவிலுள்ள சிசுவின்மேல் சுரப்புநீர் செய்யும் செயலைப் பற்றிய ஊகமேயன்றிக் கொக்கோகருக்குச் சாட்சியன்று.

கொக்கோகரின் விரல் சொந்த விரலா பொதுவிரலா என்பதைத் தீர்க்க எஞ்சியிருப்பது பிரதியாராய்ச்சி. காஞ்சியிலும் சுற்றுவட்டத்திலும் வீடுகளில் கொக்கோகத்தின் பழைய ஏட்டுச் சுவடி வைத்திருப்போர், ஆடவர் வகை கூறும் பாடல்களில் விரல் என்னும் சொல்லுக்கு முன் "தன்" என்றோ அதற்கு ஈடானதொரு அடையோ பாடபேதமாக வருகிறதா என்று பார்த்து, ஏட்டின் நிலையையும் குறித்துத் தெரிவிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.