தொட்டிலருகே ஒரு பள்ளி

பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஏடுகளில் பொறித்து வைத்த மனிதன், தன் குழந்தையை எவ்வாறு உறங்க வைத்தான் என்பதை அரிதாகவே எழுதி வைத்தான். ஆயினும் தொட்டிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி துயரம் மிக்கதோர் அதிகாரம். கற்றறிந்தோர் கூறிய தவறான அறிவுரை ஒன்று பல்லாயிரம் பிஞ்சுயிர்களைப் பறித்தது. அதனைத் திருத்த முனைந்தவர்களோ, தாய்மார்க்குக் கற்பிக்குமுன் தாமே பலவற்றைக் கற்க வேண்டியிருந்தது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக், 1946இல் குழந்தை வளர்ப்புப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பல கோடிப் படிகள் விற்ற அந்நூல், மேலை நாட்டு இல்லங்களில் பாட்டியின் இடத்தையே பிடித்துக்கொண்டது எனலாம். 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்புகளில், குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நன்று என்று ஸ்பாக் எழுதினார். மல்லாந்து படுத்த குழந்தை பால் கக்கினால் அது மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும் என்பது அவர் காட்டிய காரணம். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் அதை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. மருத்துவமனைத் தாதியர் அவ்வாறே செய்தனர். தாதியரைப் பார்த்துத் தாய்மாரும் அவ்வாறே செய்தனர்.

நலமாகப் பால் குடித்து உறங்கிய குழந்தை, காலையில் உயிரற்றுக் கிடக்கும். உடற்கூறு ஆய்விலும் காரணம் புலப்படாது. இதனைத் 'தொட்டில் மரணம்' என்றனர். பழிக்கு இடமில்லாத தாய், காலமெல்லாம் தன்னையே பழித்துக் கொண்டாள். 2005ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகள் அனைத்தையும் ஒருங்கே தொகுத்து நோக்கினர். குப்புறப் படுக்க வைப்பது தீங்கு என்பதற்கான சான்று 1970ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்தது என்று அவர்கள் கண்டனர். அச்சான்றுகளை அன்றே முறையாகத் தொகுத்திருந்தால், பிரிட்டனில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய பகுதிகளில் ஐம்பதாயிரம் குழந்தைகளேனும் பிழைத்திருக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டனர். ஒரு பெரும் போரின் இழப்புக்கு நிகரான எண்ணிக்கை இது!

இக்கொடுமை மிகுதியாகத் தாக்கிய நாடுகளுள் ஒன்று நியூஸிலாந்து. அங்கே 1987 முதல் மூன்று ஆண்டுகள் பேராய்வு ஒன்று நடைபெற்றது. மாண்ட குழந்தைகளின் இல்லங்களையும், ஒப்பிடுவதற்காக உயிரோடிருந்த குழந்தைகளின் இல்லங்களையும் ஆய்வாளர்கள் நேரில் கண்டு வினவினர். குப்புற உறக்கம், தாயின் புகைபிடிக்கும் பழக்கம், தாய்ப்பால் ஊட்டாமை என மாற்றத்தக்க மூன்று காரணங்கள் தெளிவாயின. 1991இல் நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் பிரிட்டனும், 1994இல் அமெரிக்காவும் அவ்வழியில் இறங்கின. மரணங்கள் விரைந்து சரிந்தன.

ஆனால், நேற்றுவரை குப்புறப் படுக்க வைக்கச் சொன்ன தாதியே இன்று மல்லாத்திப் படுக்க வைக்கச் சொன்னால், தாய் எதை நம்புவாள்? "பால் புரையேறிவிடாதா?" என்று அவள் கேட்பது இயல்பு. எனவே ஆலோசகர்களுக்கு உடற்கூற்றின் எளிய உண்மை ஒன்று கற்பிக்கப்பட்டது. குழந்தை மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் மேல்நோக்கி ஏறி மூச்சுக்குழலுள் புகுவது கடினம். குப்புறக் கிடக்கையிலோ இந்நிலை தலைகீழாகிறது. பால் மூச்சுக்குழலின் வாயிலில் தேங்க வாய்ப்பு மிகுதி. அச்சத்தை அதட்டலால் அகற்ற இயலாது. விளக்கமே அதனை அகற்றும்.

எனினும், அந்நாட்டின் தொல்குடியினரான மாவோரி மக்களிடையே மரணங்கள் அதே அளவில் குறையவில்லை. குழந்தையைத் தம் அருகிலேயே கிடத்தி உறங்குவது அவர்களது மரபு. அவர்களுள் புகைபிடிக்கும் மகளிரும் மிகுதி. கருவிலேயே புகையின் தீங்குக்கு உள்ளான குழந்தை, பெற்றோரின் படுக்கையில் உறங்கும்போது ஆபத்து பன்மடங்காகிறது என்று அதே ஆய்வு காட்டியது. ஆகவே, "உடன் படுக்க வைக்காதீர்" என்ற தடை உரை பிறந்தது. அந்த உரை மாவோரித் தாயின் செவியில், "உன் முன்னோர் அறியாதவர், உன் அன்பே உன் மகவைக் கொல்கிறது" என்று ஒலித்தது. அவள் தலையை அசைத்தாள். வீடு திரும்பியதும் வழக்கம்போல் குழந்தையை அணைத்தே உறங்கினாள்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் மாவோரி மருத்துவர் டேவிட் டிப்பேனி லீச். 2006ஆம் ஆண்டளவில், கிஸ்போர்ன் வட்டாரத்து நெசவுக் கலைஞர்களுடன் இணைந்து 'வஹகூரா' என்னும் கூடையை அவர் அறிமுகம் செய்தார். ஹரகெகே என்னும் செடியின் நீண்ட இலைகளால் பின்னப்பட்டது அது. பெற்றோரின் படுக்கை மீதே அதனை வைக்கலாம். குழந்தை தாயின் கையெட்டும் தொலைவில் இருக்கும். ஆனால் தனக்கெனத் தனியிடம் பெற்றிருக்கும். மரபும் காக்கப்பட்டது, மகவும் காக்கப்பட்டது.

2011 பிப்ரவரியில் கிறைஸ்ட்சர்ச் நகரை நிலநடுக்கம் உலுக்கியது. வீடிழந்தோர் கிடைத்த இடத்தில் நெருக்கியடித்துப் படுத்த அந்நாட்களில், ஞெகிழிப் பெட்டியொன்றில் சிறு மெத்தையிட்டு 'பெப்பி-பாட்' என்ற பெயரில் குழந்தைகளுக்கு வழங்கினர். பெட்டியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. அதனை வழங்குவோர் முதலில் பயிற்சி பெற்றனர். முகம் மூடாதவாறு குழந்தையைத் தனிப் படுக்கையில் கிடத்துதல், புகையை விலக்குதல், மல்லாந்து படுக்க வைத்தல், தாய்ப்பாலை ஊக்குதல் என்பன அவர்கள் கற்பித்த நான்கு பாடங்கள். ஆங்கிலத்தில் அந்நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்தால், மாவோரி மொழியில் குழந்தையைக் குறிக்கும் சொல்லை ஒத்த 'பேபே' என்ற சொல் அமையும். பாடம் முடிந்ததும் தாயிடம் ஒரு வேண்டுகோள் வைக்கப்பட்டது: "நீங்கள் அறிந்ததை உங்கள் உறவினருக்கும் தோழியருக்கும் சொல்லுங்கள்." குற்றவாளியைப்போல் நடத்தப்பட்ட தாய் இப்போது ஆசிரியை ஆனாள்.

பயன் என்ன? பிறந்து ஒரு வாரம் கடந்து, ஓராண்டு நிறையுமுன் இறக்கும் குழந்தைகளின் விகிதம் நியூஸிலாந்தில் 2009க்கும் 2015க்கும் இடையில் 29 விழுக்காடு குறைந்தது. மாவோரிக் குழந்தைகளிடையே அவ்வீழ்ச்சி மிகுதியாக இருந்தது. 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, வஹகூராவும் சாதாரணத் தொட்டிலைப் போன்றே பாதுகாப்பானது என்று காட்டியது. அதனைப் பெற்ற தாய்மாரில், ஆறாம் மாதத்திலும் முழுமையாகத் தாய்ப்பால் ஊட்டியோர் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தனர் என்றும் கூறியது.

எதிரெதிரான இரு அறிவுரைகளின் வரலாறு இது. முதலாவது, சோதிக்கப்படாமலே பெரும்புகழின் தோளேறி வந்து வீடுதோறும் புகுந்தது. இரண்டாவது, சான்றுகள் அனைத்தும் பெற்றிருந்தும் வாசலிலேயே நிற்க நேர்ந்தது. தாயின் மரபை மதிக்கக் கற்ற பின்னரே அதற்குக் கதவு திறந்தது. தாய்மார்க்குக் கற்பிக்கச் செல்வோர் இவ்விரண்டையும் நெஞ்சில் இருத்த வேண்டும். தாம் சொல்வது உண்மைதானா என்று ஆராய்தல் முதற்கடமை. கேட்பவளின் மானம் குன்றாமல் அதைச் சொல்லுதல் இரண்டாம் கடமை. இரண்டில் ஒன்று தவறினாலும், அதன் விலையைச் செலுத்துவது பேசத் தெரியாத ஒரு மழலையே.